அந்த மெட்டுக்கு நான் எழுந்ததில்லை

என்னைவிட நன்றாகப் பியானோ வாசிப்பவர்கள் உலகில் எண்ணற்றோர் இருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் தெரியும். ஆனால் அவர்களில் ஒருவர் நாம் உட்கார்ந்திருக்கும் அரங்கத்துக்குள் நடந்து வந்து, நம் கணவர் பார்த்துக்கொண்டிருக்கையில் பியானோவின் முன்னால் அமரும்போது, அந்தத் தெரிதல் வேறொன்றாகிவிடுகிறது. திருப்பதியில் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் அதை அறிந்தேன்.

சித்தூரில் நாங்கள் போகும் தேவாலயம் மிஷனரிகள் காலத்தது. ஆராதனை இன்றும் தமிழில்தான். அறிவிப்புகளை மட்டும் தெலுங்கிலும் ஒருமுறை சொல்வார்கள். அங்கே வாத்தியம் வாசிக்கும் பொறுப்பு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னுடையது. முதலில் காலால் மிதித்துக் காற்றேற்றும் பழைய ஆர்கன் இருந்தது. அதன் துருத்தியை எலி கடித்துப் போட்ட பிறகு ஒரு கீபோர்டு வந்தது. எது இருந்தாலும் நான் சபைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பேன். போதகர் கை உயர்த்துவதையும் மக்கள் எழுவதையும் பார்ப்பதற்காக அந்தச் சுவரில் ஒரு சிறு கண்ணாடி மாட்டியிருக்கிறது. அதற்குள் கடைசி பெஞ்சின் ஓரமும், அங்கே நிற்கும் என் கணவரும் தெரிவார்கள். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். மின்தடை என்று ஃபோன் வந்தால் சட்டென்று வெளியேற வசதியாகக் கடைசி பெஞ்சைப் பிடித்தவர், ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை.

என் வாசிப்பைப் பற்றி அவர் சொன்ன அபிப்பிராயம் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடும்போது நான் கேட்பேன்.

"இன்னிக்கி எப்படி இருந்திச்சி?"

"கரெக்டா முடிஞ்சிச்சி" என்பார்.

மின்சாரத்தைப் பற்றியும் அவருக்கு அதே அளவுகோல்தான். வந்தது தெரியக் கூடாது, நின்றால்தான் தெரிய வேண்டும். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வாழ்ந்துவிட்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால், அடக்க ஆராதனை முடிந்து பெட்டியைத் தூக்கும் நேரத்தில் ஒரு குறிப்பிட்ட ஞானப்பாட்டைப் பாடுவோம். மெட்டு ஜெர்மனியிலிருந்து மிஷனரிகள் கொண்டுவந்தது. முதல் வரியை வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும். அந்த ஒரு வரி கேட்டதும் சபை முழுவதும் எழுந்து நிற்கும். யாரும் "எழுந்திருங்கள்" என்று சொல்ல மாட்டார்கள். பழக்கம் எவ்வளவு ஊறியதென்றால், நான் வீட்டில் பயிற்சிக்காக அந்த மெட்டைத் தொட்டால் போதும், என் மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியோடு எழுந்து நிற்பார். "கொஞ்சம் சொல்லிட்டு வாசிம்மா, முட்டி வலிக்குது" என்று கடிந்துகொள்வார். பிறகு ஒருநாள் அவருக்கே அதை வாசித்தேன். சபை எழுந்தது, பெட்டி வெளியே போனது, பின்னால் மக்களும் போனார்கள். எல்லாச் சரணமும் முடியும்வரை வாசிப்பது என் கடமை என்பதால், நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பிடி மண் போட்டாகியிருந்தது. வாத்தியக்காரி எப்போதும் கடைசியில்தான் வருவாள். அதை யாரும் குறையாக எண்ணியதில்லை, நானும்தான்.

திருப்பதி நிகழ்ச்சி தற்செயலாக வந்தது. ஸ்ரீ சிட்டியில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் எங்கள் சபைப் பையன் ஒருவன், நிர்வாகத்தார் தங்கள் நாட்டிலிருந்து பெரிய பியானோ கலைஞர் ஒருவரை வரவழைத்திருப்பதாகவும், திருப்பதியில் ஓர் அரங்கில் மாலைக் கச்சேரி என்றும் சொல்லி அனுமதிச் சீட்டுகளை அனுப்பியிருந்தான். பாடகர் குழுவினர் ஒரு வேன் பேசினார்கள். "டீச்சரம்மா வராம எப்படி, அவங்களுக்குத்தான முதல்ல" என்று போதகர் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். எல்லாருக்கும் டீச்சரம்மாதான். கச்சேரி என்றாலே தூங்கிவிடும் என் கணவர், வேனில் ஓர் இடம் காலியாக இருக்கிறதே என்று உடன் வந்தார்.

மேடைக்கு வந்த அந்தப் பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். நரைத்த தலையை ஒட்ட வெட்டி, கறுப்பு உடை அணிந்திருந்தார். இளம்பெண்ணாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் காலம் வேறு, வசதி வேறு என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். என் வயதுக்காரி என்றபோது, நான் கட்டுரை நோட்டுகளைத் திருத்திய ஒவ்வொரு மாலையும் அவர் பியானோவின் முன்னால் இருந்திருக்கிறார் என்ற கணக்கு தானாகவே மனத்தில் ஓடியது.

அவர் வாசித்ததை விவரிக்க எனக்குத் தகுதி உண்டு. அதுதான் என் துன்பம். பக்கத்திலிருந்தவர்கள் அதை மழை என்றோ அருவி என்றோ எடுத்துக்கொண்டு மகிழ்ந்திருக்கலாம். நானோ அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையின் சுண்டுவிரல் தாழ்ந்த கட்டையை அழுத்திப் பிடித்திருக்க, மற்ற விரல்கள் அதன்மேல் தனியே ஒரு பேச்சை நடத்திக்கொண்டிருந்தன. என் சுண்டுவிரல் அந்தச் சுமையை ஒருநாளும் தாங்கியதில்லை. அவருடைய பாதம் பெடலை அழுத்துவதுகூடத் தெரியவில்லை. இரண்டாம் உருப்படியில், இடது கை வேகமாகக் கீழே இறங்கும் ஓரிடத்தில், ஒரு கட்டை தொடப்படாமல் போயிற்று. அரங்கில் அது வேறு எவருக்கும் கேட்டிருக்காது. அதை நான் முந்தானையில் முடிந்த ஏலக்காயைப் போல நிகழ்ச்சி முடியும்வரை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அதற்கிடையில் ஒருமுறை கணவரைத் திரும்பிப் பார்த்தேன். தூங்குவார் என்று நினைத்தவர் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடிக்குள் நான் பார்த்துவந்த முகத்தில் அப்படியொரு கவனம் இருந்ததே இல்லை. அப்போதுதான் அந்த ஏலக்காய் கசந்தது.

எல்லாம் முடிந்தும் கைதட்டல் நிற்காததால் அந்தப் பெண்மணி மீண்டும் வந்து அமர்ந்தார். அறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒன்றைத் தொடங்கினார். மேலே வலது கை மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து, நீர் வற்றும்போது தெரியும் பாறையைப் போல ஒரு மெட்டு எழும்பி வந்தது. எங்கள் மெட்டு. அடக்கத்துக்கு வாசிக்கும் அதே வரி.

எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். யாரும் யாரையும் பார்த்து எழவில்லை. ஒரு நொடி யோசித்திருந்தால் இது தேவாலயம் இல்லை என்று தெரிந்திருக்கும். யோசிப்பதற்குள் கால்கள் எழுந்துவிட்டன. பின்னால் இருந்த திருப்பதிக்காரர்கள், முன்னே இருப்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்றும், இந்த இடத்தில் எழுந்து மரியாதை செய்வதுதான் முறை என்றும் எண்ணியிருக்க வேண்டும். அவர்களும் எழுந்தார்கள். எங்கள் குழு இரண்டாம் வரிக்குப் பாட வாய் திறந்த நேரத்தில், அரங்கம் முழுவதும் நின்றபடி கைதட்டத் தொடங்கியது. அந்தப் பெண்மணி திகைத்து விரல்களை எடுத்தார். எழுந்து, மார்பில் கை வைத்து, ஆழக் குனிந்து வணங்கினார். பிறகு மீண்டும் அமர்ந்து முதலிலிருந்து வாசித்தார். முதல் வரி திரும்ப வந்ததால் எங்கள் ஆட்களால் உட்கார முடியவில்லை. அவர்கள் நிற்பதால் மற்றவர்களும் உட்காரவில்லை. அந்த உருப்படி முழுவதையும் ஓர் அரங்கமே நின்று கேட்டது.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மெட்டுக்கு நான் எழுந்ததே இல்லை. எப்படி எழ முடியும்? அந்த மெட்டு என் கைகளுக்கு உரியது. அது வரும்போதெல்லாம் நான் உட்கார்ந்திருப்பவள். சபையின் கால்கள் தாமாக எழுந்ததுபோலவே, என் கால்கள் தாமாக அசையாமல் இருந்தன. மடியில் விரல்கள் நகர்ந்துகொண்டிருந்ததைப் பிறகுதான் உணர்ந்தேன். சுற்றிலும் முதுகுகளும் புடவைத் தலைப்புகளுமாக இருந்ததைக் கண்டு எழ எண்ணியபோது கைதட்டல் தொடங்கிவிட்டது. அப்போது எழுந்தால் அது அவருக்காக எழுவதாகிவிடும். அதற்கு என் மனம் இடம் தரவில்லை. கணவரின் கை என் தோளில் வந்து விழுந்தது. எழுந்திரு என்கிறார் என்று நினைத்தேன். கை கனமாக இருந்தது, எடுக்கப்படவும் இல்லை. நான் இன்னும் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டேன்.

விளக்குகள் எரிந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். கணவரின் கன்னம் ஈரமாக இருந்தது.

அவர் அழுது நான் பார்த்ததில்லை. இத்தனை ஆண்டு அதே மெட்டை என் கையிலிருந்து கேட்டவர், முன்பின் தெரியாத ஒரு பெண் ஒருமுறை வாசித்ததற்கு அழுதிருக்கிறார். அந்த ஈரம் யாருடைய விரல்களால் வந்தது என்பதைத் தவிர, அதன் பிறகு எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

வெளியே வந்தபோது பேராசிரியரைப் போன்ற ஒருவர் தம் நண்பரிடம் தெலுங்கில் வியந்துகொண்டிருந்தார். திருப்பதியில் இவ்வளவு தேர்ந்த ரசிகர்கள் இருப்பது தமக்குத் தெரியாது என்றும், சரியான இடம் பார்த்து எழுந்து நின்றார்கள் என்றும் சொன்னார். எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேனை நோக்கி வேகமாக நடந்தார்கள்.

வேன் கிளம்பியதும் பேச்சு தொடங்கியது. குழுவில் கட்டைக்குரலில் பாடுபவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"இன்னா கை சாமி அது. ரெண்டு கையும் ரெண்டு ஆளுங்க மாதிரி சண்ட போட்டுக்கினே போவுது. கடைசி ஸ்டாப்பிங்ல எறங்கறப்ப சமாதானம் ஆயிடுது."

"அத வுடுங்கண்ணா. முன்னால ஒரு பேப்பர் இருந்திச்சா? அத்தினியும் மனப்பாடம். சால கஷ்டம் அது" என்றார் உச்சக்குரலில் பாடும் நர்ஸ். "நம்ம பக்கம் தெரிஞ்ச பாட்டுக்கே புக்கு இல்லாம விரலு நகராது."

நம்ம பக்கம் என்றால் யார் என்று வேனில் எல்லாருக்கும் தெரியும்.

போதகர் என் பக்கம் சாய்ந்து பேசினார். அன்பு நிறைந்த மனிதர். "அந்தப் பியானோவக் கொண்டாந்து நம்ம டீச்சரம்மா முன்னால வையுங்க. அப்புறம் பேசுங்க."

"அத உள்ள கொண்டார்றதுக்கு வாசப்படிய இடிக்கணும் ஐயரே" என்றார் கண்டக்டர். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பது.

எல்லாரும் சிரித்தார்கள். போதகரின் பரிவு எனக்கு நர்ஸின் குத்தலைவிட அதிகமாக வலித்தது. பியானோவைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத்தானே தெரியும்.

"எல்லாம் சரி, நாம அத்தினி பேரும் நின்னோம்" என்று நர்ஸ் தொடர்ந்தார். "ஹாலே நின்னிச்சி. டீச்சரக்கா மட்டும் அசையாம உக்காந்துகினு இருந்தாங்க. கால் வலியாக்கா?"

"இல்லம்மா. கால் நல்லாத்தான் இருக்குது."

"அப்ப சரி."

கண்டக்டர் எனக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்துச் சொன்னார். "இன்னாம்மா நீ. ஒரு கண்டக்டரு இன்னொரு கண்டக்டருகிட்ட டிக்கெட் எடுப்பானா?"

வேன் முழுவதும் சிரிப்பு பரவியது. நானும் சிரித்தேன். அவர்கள் நினைத்தது பாதி தவறு. மறுபாதியைச் சொல்லி விளக்க எனக்கு விருப்பமில்லை. என் கணவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவும் இல்லை, எனக்காக ஒரு சொல் சொல்லவும் இல்லை. சந்திரகிரியில் டீ குடிக்க நிறுத்தியபோது இரண்டு கோப்பைகளோடு வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"சூடா இருக்குது, பாத்து."

தம் கோப்பையோடு வேனுக்குத் திரும்பிவிட்டார். கோட்டைப் பக்கம் நன்றாக இருட்டியிருந்தது. அந்தப் பெண்மணிக்கு இப்போது யார் டீ கொடுப்பார்கள் என்று யோசித்தேன். யாராக இருந்தாலும் அவரிடம் ஓர் அபிப்பிராயமும் சொல்வார்கள் என்று தோன்றியது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் எல்லாருடைய கைகளிலும் ஃபோன் இருந்தது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்த உருப்படியின் வீடியோவைப் போட்டிருந்தார்கள். நிற்பவர்கள் நடுவே ஒரு பள்ளம் தெரிந்தது. அந்தப் பள்ளம் நான். கீழே கருத்துகள் வந்துகொண்டே இருந்தன. தேவதூதர் வாசித்ததுபோல் இருந்தது என்று ஒருவர். நம் பாட்டு ஜப்பான்வரை போயிருக்கிறது என்று ஒருவர். நம் தேவாலயத்தில் கேட்டபோதெல்லாம் இந்தப் பாட்டு இவ்வளவு அழகானது என்று தெரியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் பலமுறை படித்தேன். எழுதியவர் என்னிடம் படித்த மாணவி. அவளுடைய தகப்பனாரின் அடக்கத்துக்கு நான்தான் வாசித்திருந்தேன்.

அன்று பிற்பகல் கணவர் சமையலறையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவராக எடுத்துக்கொண்ட வேலை அது. நான் எதிரே உட்கார்ந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டேன். பொறுமையாக இருப்பது என் இயல்பு என்று எல்லாரும் சொல்வார்கள். பொறுமை ஒரு நாளுக்குமேல் தாங்கவில்லை.

"நேத்து ஏன் அழுதீங்க?"

"யாரு அழுதது?"

"நான் பாத்தேன்."

அவர் இரண்டு மூன்று கடலைகளை உரித்துப் போட்டார். "அந்தப் பாட்டு வந்திச்சே."

"அந்தம்மா வாசிச்ச விதமா?"

"அதுவும்தான். ஆனா அது இல்ல." உள்ளங்கையில் இருந்த தோலை ஊதினார். "அம்மாவ எடுத்தப்ப நா பொட்டி பின்னால போய்க்கினு இருந்தேன். தம்பிய எடுத்தப்பவும் அப்படித்தான். ரெண்டு வாட்டியும் பக்கத்துல யாரு யாரோ வந்தாங்க. நீ உள்ள வாசிச்சிக்கினு இருந்த. நேத்து அந்தப் பாட்டு ஆரம்பிச்சதும் எழுந்துட்டேன். திரும்பிப் பாத்தா நீ பக்கத்துல உக்காந்துகினு இருக்கற. அந்தப் பாட்டுக்கு நீ எம் பக்கத்துல இருந்ததே இல்ல. அவ்ளோதான்."

கையிலிருந்த கடலைகளைக் கிண்ணத்தில் திருப்பிப் போட்டேன்.

"அப்ப தோள்ல கை வெச்சீங்களே. எழுந்திருன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"எனக்குப் புடிமானம் வேணும்னு இருந்திச்சி."

"நான் வேணும்னே எழுந்துக்கலன்னு எல்லாரும் பேசிக்கினு இருக்காங்க."

"நீ அந்தப் பாட்டுக்கு எப்ப எழுந்த?" என்றார், இதில் பேச என்ன இருக்கிறது என்பதுபோல.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கேட்க நினைத்ததற்கும் மேலாகவே பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் சொன்னதில் என் வாசிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதையும் மனம் கவனித்துக்கொண்டுதான் இருந்தது.

"யாரு நல்லா வாசிச்சது? அந்தம்மாவா, நானா?"

"அந்தம்மாதான்" என்றார். "இதுல இன்னா சந்தேகம்."

"ரெண்டாவதுல ஒரு எடத்துல எடது கை தப்பிச்சி. கவனிச்சீங்களா?"

"இல்ல."

"தப்பிச்சி."

"சரி" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

சில வாரங்கள் கழித்து, மழைக்காலத் தொடக்கத்தில், எங்கள் சபையின் மூத்த பெண்மணி ஒருவர் காலமானார். ஆராதனைக்கு நான் முன்னதாகப் போய்க் கீபோர்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். மக்கள் நிறைந்தபோது வழக்கம்போல் கண்ணாடியில் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். கணவரின் இடத்தில் வேறொருவர் இருந்தார். தேடுவதற்குள் என் வலப்பக்கம் பெஞ்சு கிரீச்சிட்டது. வாத்தியத்துக்கு மிக அருகில், பாடகர் குழு உட்காரும் முதல் பெஞ்சின் நுனியில், குடையை முழங்கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு அவர் அமர்ந்திருந்தார். நர்ஸ் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

"இன்னாண்ணா, புதுசா இங்க? பாடப்போறீங்களா?"

"இல்லம்மா. அங்க ஒழுவுது."

கடைசி பெஞ்சுக்கு மேலே கூரை ஒழுகியதில்லை.

பெட்டியைத் தூக்க நான்கு பேர் குனிந்ததும் முதல் வரியை வாசித்தேன். பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். நர்ஸ் சொன்னதற்காகத்தான். சபை எழுந்தது. அவர் என் அருகில் எழுந்து நின்றார். இரண்டாம் சரணத்தில், திருப்பதியில் கேட்டதுபோல் இடது கையில் தாழ்ந்த கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களை நகர்த்தப் பார்த்தேன். சுண்டுவிரல் தாங்கவில்லை. பழைய முறைக்கே திரும்பினேன். பெட்டி வாசலைத் தாண்டியது, பாடிக்கொண்டே மக்களும் தாண்டினார்கள். கண்ணாடியில் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அவர் போகவில்லை. காலியான தேவாலயத்தில் கடைசிச் சரணத்தை அவர் ஒருவருக்காக வாசித்தேன். முடிந்ததும் சுவரோரம் போய் சுவிட்சை அவரே அணைத்தார்.

தூறலில் ஒரே குடையின் கீழ் நடந்தோம். ஊர்வலம் வெகுதூரம் முன்னால் போயிருந்தது. பாட்டு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

"அந்தம்மா வாசிச்ச மாதிரி வருமா?" என்று கேட்டேன்.

"வராது" என்றார். நான் வேகமாக நடக்க மாட்டேன் என்பதால் தம் நடையைக் குறைத்துக்கொண்டிருந்தார்.